கலங்கல் தண்ணீர் கனவில் வந்தால் நோயா, பயமா?

செல்வி (வண்டிப்பெரியாறு):

ஆடி பிறந்து மழை பிடிச்சுட்டா எங்க அம்மாவுக்கு ஒரே கனவுதான். அடுப்படிக் கதவுக்கு அடியில செம்மண் நிறத்துல தண்ணி உள்ள வருது. அரிசிப் பானையைப் பரண்ல ஏத்தப் பாக்குறாங்க, கை எட்டல. அதோட முழிச்சுக்குவாங்க. கம்பத்துல இருக்கிற எங்க மாமா ஒரு ஜோசியரைக் கேட்டுட்டு வந்து, "கலங்கல் தண்ணி வீட்டுக்குள்ள வந்தா குடும்பத் தலைவனுக்கு நோய், பரிகாரம் பண்ணணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அன்னையிலிருந்து அப்பா இருமினாக்கூட அம்மா முகம் மாறுது.

எங்க லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுங்க) ஆத்துக்கும் நடுவுல ஒரு ரோடுதான். 2018 ஆகஸ்ட்ல ஆத்தோரத்து வீடுகள்ல தண்ணி ஏறினதை அம்மா கண்ணால பாத்தவங்க. கனவுல வர்றது அந்தத் தண்ணி. அதை அப்பாவோட நோய்னு சொல்லி ஒரு மனுஷியை வருஷம் பூரா பயமுறுத்துறது அநியாயம்னு நான் சொல்றேன். பலன் சொல்றதை நம்புறவங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க. பதில் சொல்லுங்க.

கூடலூர் விவசாயி:

தங்கச்சி, உங்கம்மா பட்ட பயம் எனக்குப் புரியுது. ஆனா பலனே பொய்னு ஒரே போடா போட்டுறாத. எங்க பக்கம் தண்ணியைக் கனவு கண்டா வீடே சிரிக்கும். தேக்கடியில ஷட்டர் திறந்தாத்தான் கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கருக்கு முதல் போகம். மே மாசக் கடைசியில எங்க அப்பத்தா, "வாய்க்கால்ல தெளிஞ்ச தண்ணி வந்துச்சுடா"ன்னு எந்திரிச்சு வந்தா, எங்கய்யா அன்னைக்கே நாத்தங்கால் வேலைக்கு ஆள் சொல்லிருவார்.

தெளிஞ்ச தண்ணி பணம். கிணத்துல இறைக்கிற மாதிரி கண்டா வரவு. வெள்ளம் இழுத்துட்டுப் போனா பகை, வழக்கு. கலங்கல் நோய். செத்தவங்க வந்து தண்ணி கேட்டா, அமாவாசைக்குச் செய்ய வேண்டியது பாக்கி இருக்குன்னு அர்த்தம். இதெல்லாம் காசுக்காக ஒரு ஜோசியர் உண்டாக்கினது இல்ல. பழைய கனா நூல்ல ஜாமக் கணக்கே இருக்கு. முதல் ஜாமத்துல கண்டா ஒரு வருஷத்துல பலிக்கும், ரெண்டாவதுல எட்டு மாசம், மூணாவதுல மூணு மாசம், கடைசி ஜாமத்துல கண்டா பத்தே நாள்.

நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல, மலை மேல கண்ணகி கோயில் இருக்கு. சித்ரா பௌர்ணமிக்கு நாங்க பளியன்குடியில இருந்து ஏறுவோம், நீங்க குமுளியில இருந்து ஜீப்புல வருவீங்க. அந்தத் தாயே கனவு கண்டவதான். புருஷனோட ஒரு பெரிய ஊருக்குப் போனதாவும், ஊரார் பழி போட்டதாவும், ராஜா முன்னால தான் வழக்காடினதாவும் கண்டா. அத்தனையும் மதுரையில நடந்துச்சா இல்லையா?

சித்தூர் வாத்தியார் (பாலக்காடு):

நடந்தது. ஆனால் சிலப்பதிகாரத்தின் அந்தக் காதையை விவசாயி பாதியில் நிறுத்திவிட்டார். கனவைக் கேட்ட அவள் தோழி தேவந்தி உடனே ஒரு பரிகாரம் சொல்கிறாள். காவிரி கடலில் கலக்கும் இடத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு பொய்கைகள் இருக்கின்றன. அவற்றில் நீராடிக் காமவேள் கோட்டம் (மன்மதன் கோயில்) தொழுதால் கணவனோடு இன்பமாக வாழலாம் என்கிறாள். அதற்குக் கண்ணகி சொன்ன பதில் 'பீடு அன்று', அதாவது அது பெருமை ஆகாது. அவ்வளவுதான். கனவு கண்டு நடுங்கியவள் அவளேதான். அப்படியிருந்தும் பரிகாரத் துறையில் அவள் இறங்கவில்லை. நம் எல்லை மலையில் நாம் கும்பிடுகிற பெண் இவள்தான். அவளைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு, செல்வியின் அம்மாவைப் பரிகாரம் செய்யச் சொல்வது எனக்குப் பொருந்தவில்லை.

இன்னொன்று. குறளில் 'கனவுநிலை உரைத்தல்' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 122ஆவது. நேரில் வந்து அன்பு காட்டாதவரைக் கனவில் காண்பதால்தான் உயிர் இருக்கிறது என்கிறாள் தலைவி. அந்த அதிகாரத்தில் பலனும் இல்லை, ஜாமக் கணக்கும் இல்லை. மனம் எதற்கு ஏங்குகிறதோ அது கனவில் வருகிறது. ஆண்டாள் கண்ட திருமணக் கனவில் நான்கு திசைத் தீர்த்தமும் வருகிறது, ஏனென்றால் அவள் நினைத்துக்கொண்டிருந்தது கல்யாணம். பயப்படுகிறவளுக்கு வெள்ளம் வரும்.

இரவுப் பணி (செவிலியர், குமுளி):

செல்வி, அம்மாவுக்காக ஒரு கேள்வி. குறட்டை உண்டா? மூச்சுத் திணறி எழுகிறார்களா? தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற சிலர், தண்ணீரில் மூழ்குவது போலக் கனவு வருகிறது என்று சொல்வதுண்டு. இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

அமெரிக்காவில் 1958இல் டிமென்ட், வோல்பெர்ட் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கனவு ஓடுகிற தூக்கத்தில் கண்மணிகள் இமைக்குள் வேகமாக அசையும். அந்த நேரம் பார்த்து, தூங்குகிறவர் உடம்பில் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்தார்கள். எழுப்பிக் கேட்டபோது, நூற்றுக்கு 42 என்ற கணக்கில் தண்ணீர் கனவுக்குள் நுழைந்திருந்தது: கூரை ஒழுகியது, மழை பெய்தது என்றெல்லாம் சொன்னார்கள். வெளிச்சம் காட்டியபோது 23, ஒலி எழுப்பியபோது வெறும் 9. ஆகவே தகரக் கூரையில் விழுகிற மழைச் சத்தம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் லயங்களில் மழைக்காலத்துப் போர்வை எப்படி ஈரம் கட்டிக்கிடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒழுகுகிற இடத்துக்குக் கீழே படுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஜாமக் கணக்கைப் பற்றி ஒன்று: விடியற்காலைத் தூக்கத்தில்தான் கனவு நேரம் நீளும். அப்போது கண்டதுதான் நன்றாக நினைவில் நிற்கும். கடைசி ஜாமக் கனவுக்கு முன்னோர் அவ்வளவு மதிப்புக் கொடுத்ததில் வியப்பில்லை.

ஏலக்காட்டுக்காரன் (நெடுங்கண்டம்):

சிஸ்டர், வாத்தியாரே, ரெண்டு பேரும் கனவை ரொம்பச் சின்னதாக்குறீங்க. ஏக்கம், பயம், ஈரப் போர்வை, அவ்வளவுதானா? நான் பலன் பாக்குற ஆள் இல்ல. ஆனா கனவு முன்கூட்டி எச்சரிக்கும்னு நம்புறவன். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில மலை சரிஞ்சு லயங்களோட 70 பேரை அள்ளிட்டுப் போச்சு. எல்லாம் நம்ம தமிழ்ச் சனம். அதுக்கு அப்புறம் மூணாறுப் பக்கம் எங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனப்போ, "முந்தியே தண்ணிக் கனவு வந்துச்சு"ன்னு சொன்னவங்களை நானே பாத்தேன். அவங்க பொய் சொல்ற ஆளுங்க இல்ல. செல்வி அம்மாவுக்கு வர்றது நோய்க் கனவு இல்லன்னு ஒத்துக்கிறேன். ஆனா வெறும் பழைய பயம்னு ஒதுக்கிடாதீங்க. ஆத்தோரத்துல இருக்கிற வீடு.

இரவுப் பணி:

அண்ணா, அவர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆகஸ்ட் மழையில் மலை முழுக்க எத்தனை வீடுகளில் தண்ணீர்க் கனவு வந்திருக்கும்! ஒன்றும் நடக்காத வருஷங்களில் அந்தக் கனவுகளை எல்லோரும் காப்பி குடிப்பதற்குள் மறந்திருப்பார்கள். நடந்த வருஷத்துக் கனவு மட்டும் நெஞ்சில் தங்கிவிடுகிறது. எனக்கு இதில் பெரிய கவலை ஒன்று உண்டு. எச்சரிக்கை கனவில் வரும் என்று நம்பினால், கனவு வராத ராத்திரியில் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம். மழையளவையும் ஆற்று நீர்மட்டத்தையும் பாருங்கள். ரெட் அலர்ட் என்றால் கனவுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போங்கள்.

திரும்பத் திரும்ப வருகிற கெட்ட கனவுக்கு ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. பகலில், விழித்திருக்கும்போது, அந்தக் கனவின் முடிவைத் தனக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிய கதையைத் தினமும் கொஞ்ச நேரம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பல பேருக்குக் கெட்ட கனவு குறைந்திருக்கிறது. மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ கேட்டுச் செய்வது நல்லது.

கூடலூர் விவசாயி:

வாத்தியார் சொன்ன கண்ணகி பதிலை நான் மறுக்கல. ஆனா அவ பரிகாரம் வேண்டாம்னு சொன்னது கனவு பொய்ன்னு நினைச்சு இல்ல. கனவு மெய்தான், வர்றது வரட்டும்னு நின்னா. அதைச் சேத்துத்தான் படிக்கணும்.

சிஸ்டர்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க சொல்ற சிகிச்சைக்கும் நாங்க செய்யுறதுக்கும் என்ன வித்தியாசம்? எங்க அப்பத்தா கெட்ட கனவு கண்டா, விடியுமுன்னே எந்திரிச்சுத் தொழுவத்துக்குப் போயி, மாட்டுக்கிட்டச் சொல்லிட்டு மூஞ்சியைக் கழுவிட்டு வந்துரும். அதோட அந்தக் கனவுக்கு வேலை முடிஞ்சுது. ராத்திரிப் பயத்தைப் பகல்ல ஒரு காரியம் செஞ்சு அடக்குறதுதானே ரெண்டும்? படிச்சவங்க செஞ்சா சிகிச்சை, எங்க கிழவி செஞ்சா மூடநம்பிக்கையா?

இரவுப் பணி:

உங்கள் அப்பத்தா செய்ததை நான் குறையே சொல்ல மாட்டேன். பாரம் இறங்கியது, யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அப்பத்தா அந்தக் கனவை வைத்து வீட்டில் இன்னொருவருக்கு நோய் வரும் என்று சொல்லவில்லையே. செல்வி வீட்டில் நடந்தது அது. வெள்ளத்துக்குப் பயந்த அம்மாவுக்கு இப்போது புருஷன் இருமலும் சேர்ந்து இரண்டு பயம். பரிகாரம் பயத்தைக் குறைக்க வேண்டும். இங்கே பரிகாரம் செய்ய வைப்பதற்காகவே பயம் கூட்டப்பட்டிருக்கிறது.

செல்வி:

அதேதான் சிஸ்டர். அம்மாவுக்குக் குறட்டை இல்ல, மூச்சுத் திணறலும் இல்ல. முடிவை மாத்திக்கலாமாம்மான்னு கேட்டேன். தண்ணியே வராத மாதிரி நினைச்சுக்கங்கன்னு சொன்னதுக்கு, "அப்படி நினைக்க வராதுடி, ஆறு அங்கதானே இருக்கு"ன்னாங்க. அப்புறம் அவங்களே ஒரு வழி சொன்னாங்க. தண்ணி வர்றதுக்குள்ள ரேஷன் கார்டு, ஆதார், அப்பா மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு, மேல் டிவிஷன்ல சித்தி வீட்டுக்கு ஏறிப் போயிடுற மாதிரி. நெடுங்கண்டம் அண்ணனுக்கும் இது பதில். அந்தப் பையை நெசமாவே கட்டி ஆணியில மாட்டியாச்சு.

கூடலூர் அண்ணே, உங்க ஊர்ல தண்ணி வந்தா நாத்து, எங்க ஊர்ல தண்ணி வந்தா ஓட்டம். ரெண்டும் ஒரே முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி. மலைக்கு அந்தப் பக்கம் உண்டான பலனை இந்தப் பக்கத்து லயத்துல வந்து சொன்னா எப்படிப் பொருந்தும்? என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

கூடலூர் விவசாயி:

பொருந்தாதுன்னு ஒத்துக்கிற அளவுக்கு எனக்கு மனசு வரல தங்கச்சி. கலங்கல் தண்ணி எங்க வாய்க்கால்ல வந்தாலும் நாங்க முகம் சுளிப்போம். கனவுல வந்தா நல்லதுன்னு என்னைச் சொல்லச் சொல்லாத. ஆனா உங்கம்மா தினம் பாக்குற ஆத்தைக் கனவு கண்டதுக்கு, உங்கப்பா உடம்பை இழுத்துவிட்டது தப்பு. கனா நூல் படிச்சவன் கண்டவங்க ஊரையும் தொழிலையும் கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கணும், அந்த ஜோசியர் கேட்டிருக்க மாட்டார். உங்க மாமா கம்பத்துல எந்தப் பக்கம்? உழவர் சந்தைக்கு வர்ற ஆளா இருந்தா சொல்லு, நானே பாத்துப் பேசுறேன். பரிகாரப் பணத்தை அவர் இன்னும் கொடுக்கலைன்னா கொடுக்க வேண்டாம்னு இன்னைக்கே போன் போட்டுச் சொல்லிரு.