4060 கிராஃபிக்ஸ் கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளை போதுமா, 750 வேண்டுமா?

உசிலை_கேமர்:
ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு போட்டு கம்ப்யூட்டர் சிஸ்டம் அசெம்பிள் பண்ணுகிறேன். மதுரையில் கேட்ட கடையில், கேபினெட்டோடு வரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸே (பவர் சப்ளை) போதும் என்கிறார்கள். நண்பன் 750 என்கிறான். வீடு உசிலம்பட்டிப் பக்கம் கிராமம், சாயங்காலமானால் லோ வோல்டேஜ். எதை வாங்க?

ஜிகர்தண்டா88:
கண்ணை மூடிக்கொண்டு 750 வாங்கு தம்பி. நாளைக்குப் பெரிய கார்டு போட்டாலும் மறுபடி செலவில்லை. நம்ம ஊர் வெயிலில் திணறாமலும் ஓடும்.

வைகை_வோல்ட்:
கணக்குப் போடுவோம் அண்ணே. கார்டு 115 வாட். பிராசஸர் முழு மூச்சில் ஓடினாலும் 76. போர்டு, ரேம், ஃபேன் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 241. கார்டின் கம்பெனி என்விடியாவே 550 தான் கேட்கிறது, அதுவும் தாராளமாக. மிச்சக் காசுக்கு நல்ல மானிட்டர் வாங்கலாம்.

ஜிகர்தண்டா88:
கார்டு கண நேரத்துக்கு இரண்டு மடங்கு இழுக்குமே, அதை எங்கே சேர்த்தீர்கள்?

வைகை_வோல்ட்:
சேர்த்தாலும் 356. நல்ல 550 அசையாது. ஆனால் தம்பி, கேபினெட்டோடு வருவதைத் தொடாதே. அந்த ரகத்தின் ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் பார். 16 ஆம்பியர் என்று இருந்தால் 192 வாட் தான். கார்டும் பிராசஸரும் தின்பது அந்த லைனைத்தான். வெளியே பெரிதாக 450 என்று அடித்திருப்பதை வைத்து என்ன செய்ய?

ஜிகர்தண்டா88:
அதற்குத்தானே 80 பிளஸ் முத்திரை!

வைகை_வோல்ட்:
அது கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். உள்ளே என்ன கெப்பாசிட்டர் போட்டிருக்கிறான், ஷார்ட் ஆனால் கட் ஆகுமா என்பதையெல்லாம் சொல்லாது.

மேலூர்க்காரன்:
இரண்டு பேரும் வாட்டுக்கே மல்லுக்கட்டுகிறீர்கள், பையன் லோ வோல்டேஜ் என்றானே! ஸ்டிக்கரில் இன்புட் 100-240 என்று இருக்கிறதா பார் தம்பி. 200-240 என்றால், தோட்டத்து மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் 170க்கு இறங்கும்போது சிஸ்டம் அணைந்துவிடலாம். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டா?

உசிலை_கேமர்:
இருக்கிறது அண்ணே, பழசு. கரண்ட் போனால் மின்விசிறி உறுமும்.

மேலூர்க்காரன்:
அப்போ அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், கரண்டைச் சீரான அலையாகத் தராத ரகம். அதில் சிஸ்டத்தைக் கோக்காதே, ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுப்பதைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள சப்ளை பலதும் அதோடு ஒத்துப்போகாது. சீரான அலை தரும் சைன் வேவ் யுபிஎஸ் தனியாக வாங்கு. எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்கும் காசு அதற்கே போகட்டும்.

ஜிகர்தண்டா88:
மானிட்டர் போய் இப்போ யுபிஎஸ்ஸா! 750லும் 100-240 கிடைக்கிறது, நான் சொன்னது சொன்னதுதான்.

உசிலை_கேமர்:
சரி, 100-240 இன்புட் உள்ள 550, கூடவே யுபிஎஸ். பட்ஜெட்டில் அதற்குத்தான் இடமிருக்கிறது. பெரிய கார்டு வாங்கும்போது 750 அண்ணனிடம் வருகிறேன்.