தமிழ் வலைப்பூ வளந்த காலத்துல வடசென்னை எங்க இருந்துச்சு?

ராயபுரம் பழையவர் | இரவு 8:40

நேத்து நம்ம வாசகர் கூட்டத்துல ஒரு தம்பி, "இனிமே யாரு சார் உக்காந்து எழுதுறது, எல்லாத்தையும் வீடியோவா போட்டுடலாம்"னு சொன்னார். அங்க பதில் சொல்ல நேரம் இல்ல. ராத்திரி தூக்கம் வரல. அதான் இங்க எழுதுறேன். நம்ம பசங்க மறுபடியும் வலைப்பூ, அதான் பிளாக், ஆரம்பிக்கணும்ங்கறது என் கட்சி.

நான் ஆரம்பிச்சது 2005-ல. தண்டையார்பேட்டையில பிளைவுட் தடுப்பு போட்ட ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபா. எல்லாம் விண்டோஸ் 98. யூனிகோடு தமிழைத் திறந்தா 'கொ'வுக்குக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும், இல்லன்னா வெறும் கட்டம். கடைக்காரர்கிட்ட கெஞ்சி ஒரே ஒரு மெஷின்ல விண்டோஸ் எக்ஸ்பி போட வெச்சேன். தமிழ் அடிக்கிற ஈ-கலப்பை மென்பொருளைப் போட விடமாட்டார், வைரஸ் வந்துடும்னு பயம். அதனால சுரதாங்கற இணையப் பக்கத்தைத் திறந்து, ஒரு பெட்டியில இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா இன்னொரு பெட்டியில தமிழா வரும், அதை எடுத்து பிளாகர்ல ஒட்டுவேன். கரண்ட் போச்சுன்னா அடிச்சது அத்தனையும் போச்சு, 20 ரூபாயும் போச்சு.

இந்திய மொழிகள்ல வலைப்பூ தலையெடுத்தது 2003-லதான். இந்தியில ஆலோக் குமார் 'நௌ தோ க்யாரஹ்' ஆரம்பிச்சது அந்த வருஷம். தமிழ்லயும் அதே வருஷம்தான். ஆனா நாம வேகமா வளந்ததுக்குக் காரணம் இருக்கு. மலேசியாவுல முத்து நெடுமாறன் 80-கள்லயே தமிழ் அடிக்க முரசு மென்பொருள் பண்ணிட்டார். 1998 பொங்கலுக்கு, பழந்தமிழ் நூல்களை இணையத்துல ஏத்துற மதுரைத் திட்டம் வந்துச்சு. 1999-ல தமிழ்99 விசைப்பலகை. சிங்கப்பூர், இலங்கை, அமெரிக்கான்னு மின்னஞ்சல் குழுக்கள்ல தமிழ் அடிச்சுப் பழகின கூட்டம் தயாரா இருந்துச்சு. 2004-ல காசி ஆறுமுகம், வலைப்பூக்களை ஒரே இடத்துல திரட்டுற தமிழ்மணம் தளத்தை ஆரம்பிச்சதும், உலகத்துல எந்த மூலையில எழுதுனாலும் ஒரே முற்றத்துல வந்து நின்னுது. அதிராம்பட்டினம் உமர்தம்பி தேனீ எழுத்துரு பண்ணினார். கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்துரு இல்லாதவனும் பக்கத்தைத் திறந்தா படிக்கலாம். காசு வாங்காம செஞ்சார். இதெல்லாம் யாரோ கஷ்டப்பட்டுப் போட்ட ரோடு. நடக்க ஆள் இல்லைன்னா எனக்கு வயிறு எரியுது.

காசிமேட்டுப் பையன் | இரவு 9:15

அந்தத் தம்பி நான்தான் அண்ணா. உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா ஒத்துக்க முடியல.

நீங்க சொன்ன ரோடு பேசின் பிரிட்ஜைத் தாண்டி வடசென்னைக்குள்ள வரல. நீங்க ஒருத்தர் கடைக்காரரைக் கெஞ்சி உள்ள போனீங்க. எங்க தெருவுல யாரு போனா? மணிக்கு 20 ரூபான்னா அன்னிக்கு எங்க வீட்டுல ஒரு வேளை சோறு. அந்தக் காலத்துல எழுதுனவங்க முக்காவாசிப் பேர் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வெச்சிருந்தவங்க, இல்லன்னா வெளிநாட்டுல இருந்தவங்க. தப்புன்னு சொல்லல, ஆனா அதை 'தமிழர் எல்லாருக்கும் வந்த வளர்ச்சி'ன்னு சொல்லாதீங்க.

2004 டிசம்பர் 26 சுனாமி. தமிழ்மணம் வந்து சில மாசம்தான். எங்க மீனவ ஜனங்க தங்க இடமில்லாம நின்னாங்க. அந்த வாரத்துல காசிமேட்டு ஆளு எழுதுன ஒரு பதிவு காட்டுங்க. நான் தேடுனேன், கிடைக்கல. எங்களைப் பத்தி எழுதுனவங்க இருந்தாங்க. நாங்க எழுதல.

2017 ஜனவரியில எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சே, ஜனங்க பக்கெட்டுல அள்ளுன வீடியோ போன் போனாப் போச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் வந்தப்ப நானே போய் எடுத்தேன். படகோட பாதி உயரத்துக்குக் கறுப்பு. வலையைத் தூக்குனா ஜவ்வு மாதிரி ஒழுகுது. அதை எந்த எழுத்துல காட்டுவீங்க?

வண்ணை மல்லி | இரவு 9:52

தம்பி, சுனாமி பற்றி நீ சொன்னது குத்துகிறது. அது நியாயமான கேள்வி.

ஆனால் எல்லாவற்றையும் வீடியோவாகப் போட்டுவிடலாம் என்கிறாயே, அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை. நான் 2008-ல் எழுத வந்தேன். புனைபெயர். பிள்ளைகள் தூங்கின பிறகு பதினொரு மணிக்கு மேல் உட்கார்வேன். மாமியார் வீட்டைப் பற்றி, கார்ப்பரேஷன் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு விடியற்காலையில் நின்றதைப் பற்றி, கலைந்துபோன இரண்டாவது கர்ப்பத்தைப் பற்றி எழுதினேன். பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு, முகத்தைக் காட்டி இதையெல்லாம் நான் பேசியிருக்க முடியுமா? எழுதின மறுநாள் தெருவில் நிம்மதியாக நடந்தேன். பின்னூட்டத்தில் ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா "எனக்கும் இப்படித்தான்" என்று எழுதினார். இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. அந்த இரண்டு வரிக்காக மூன்று வருடம் எழுதினேன்.

கேமராவுக்கு முகம் வேண்டும், குரல் வேண்டும். எங்கள் தெருவில் முகம் காட்ட முடியாத பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்.

வியாசை வாத்தியார் | இரவு 10:08

நான் தம்பி பக்கம். ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். என் மாணவர்கள் பேசினால் நாள் முழுக்கக் கேட்கலாம். தாளைக் கொடுத்தால் கை நடுங்குகிறது, ஏனென்றால் எழுதியதெல்லாம் சிவப்பு மையில் திரும்பி வந்திருக்கிறது. அந்தச் சிவப்பு மையில் என்னுடையதும் உண்டு. பழைய வலைப்பதிவு உலகமும் அதைத்தான் செய்தது. மெட்ராஸ் பாஷையில் ஒருவர் எழுதினால் "இது கொச்சை, தமிழைக் கெடுக்காதீர்கள்" என்று வரிசையாகப் பின்னூட்டம் வரும். நானே ஒரு முறை வாங்கினேன், அதோடு நிறுத்திவிட்டேன். வீடியோவில் ஒரு பையன் "இன்னாபா" என்று ஆரம்பித்தால் யாரும் சந்திப்பிழை பார்ப்பதில்லை.

ராயபுரம் பழையவர் | இரவு 10:31

வாத்தியாரே, அந்தப் பின்னூட்டக் கூட்டத்துல நானும் இருந்திருக்கேன். "ழகரம் சரியா எழுதுங்க"ன்னு ஒருத்தருக்குப் பாடம் எடுத்தேன். அவர் அதுக்கப்புறம் எழுதலை. இப்ப நினைச்சா கூசுது.

ஆனா தம்பி, ஒண்ணு கேக்குறேன். 2017-ல நீ பாத்த அந்த பக்கெட் வீடியோ, யாரு எடுத்ததுன்னு இன்னிக்குக் கண்டுபிடிக்க முடியுமா? எந்த இடம், எத்தனை மணி, அள்ளுனவங்க பேர் என்ன? ரெண்டு நிமிஷம் ஓடுச்சு, போச்சு. எழுத்துன்னா தேடினா மாட்டும். என் பதிவு ஒண்ணு, பெரம்பூர்ல இருந்த பின்னி துணி மில்லைப் பத்தி. 1921 வேலைநிறுத்தத்துலருந்து 1996-ல மூடினது வரைக்கும் எங்கப்பா சொன்னதை எழுதினேன். எழுதி பதினேழு வருஷம் கழிச்சு, அங்க வேலை செஞ்சவரோட பேத்தி தேடி வந்து மெயில் போட்டாங்க.

எழுத்தும் அழியும்னு எனக்குத் தெரியும். முதல்ல ஒரு இலவச இடத்துல எழுதுனேன், அதை மூடிட்டாங்க, நாப்பது பதிவு போச்சு. அதுக்கப்புறம்தான் நகல் வெக்கக் கத்துக்கிட்டேன். 2013-லருந்து ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் ஆளுங்க, மத்தவங்களும் பகிரலாம்ங்கற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல யாரு கொடுத்தாலும் வலைப்பதிவை மின்னூலா ஆக்கி எல்லாருக்கும் இலவசமா குடுக்கறாங்க. எழுத்தா இருந்ததாலதான் அது சுலபமா முடிஞ்சுது.

காசிமேட்டுப் பையன் | இரவு 11:04

எண்ணூர்ல நான் எடுத்ததும் இப்ப இல்ல அண்ணா. போன வருஷம் என் பக்கத்தை முடக்கிட்டாங்க. காரணம் சொல்லல, மூணு தடவை முறையிட்டும் பதில் இல்ல. பழைய போன் தண்ணியில விழுந்துச்சு. அந்தக் கறுப்புப் படகு வீடியோ என்கிட்டயே இல்ல. இதை இங்க சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

ஆனாலும் எழுத்துதான் பெருசுன்னு ஒத்துக்க மாட்டேன். எங்க தாத்தா 81 வயசு, கட்டுமரத்துல போனவர். கச்சான், வாடை, கொண்டல்னு காத்தைக் கையால காட்டுவார். தெண்டி வெள்ளம், வன்னி வெள்ளம்னு கடல் நீரோட்டத்துக்குப் பேர் சொல்லுவார். 'வெள்ளம்'னு நீங்க எழுதி வெச்சா, தேடுறவனுக்கு மழை வெள்ளம்தான் வந்து நிக்கும். அவர் கையை இப்படித் திருப்பி, தண்ணி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு காட்டுறாரே, அதை எப்படி எழுதுவீங்க? 2017-ல தமிழ்ல பேசுனா போனே எழுதும்னு வந்துச்சே, அவர்கிட்ட குடுத்துப் பாத்தேன். ஒரு வார்த்தையும் சரியா வரல. அது அவர் பேச்சுக்காகச் செஞ்சது இல்ல.

வண்ணை மல்லி | இரவு 11:20

போன் எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். நீ எடு, எனக்கு அனுப்பு. கேட்டுக் கேட்டு அடிக்கிறேன். 'தெண்டி வெள்ளம்' என்று போட்டு, பக்கத்தில் 'கடல் நீரோட்டம்' என்றும் போட்டால் தேடுகிறவர் கண்ணில் படும். கையைத் திருப்புகிற இடத்தில் உன் வீடியோவை வைப்போம். நகல் மூன்று பேரிடம் இருக்கட்டும்.

காசிமேட்டுப் பையன் | இரவு 11:37

வீடியோதான் முதல்ல, அதுல மாத்தமில்ல அக்கா. தாத்தாகிட்ட கேட்டுட்டேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வலை பழுது பாக்குற இடத்துல இருப்பாராம். அண்ணனும் வரட்டும்.

ஒரே ஒரு கண்டிஷன். அவர் 'கீது'ன்னு சொன்னா 'கீது'ன்னே அடிங்க. 'இருக்கிறது'ன்னு மாத்தக் கூடாது. வாத்தியாரும் மாத்தக் கூடாது.