5 வயது மகள், 13 வயது மகன்: சேர்ந்து எந்தப் படம் பார்ப்பது?

கேள்வி (கோவைத் தாய்):
ஞாயிறு மாலை குடும்பமாகப் படம் பார்ப்பது எங்கள் பழக்கம். இப்போது பொம்மைப் படம் என்றாலே மகன் எழுந்து போய்விடுகிறான்; அவன் கேட்கும் படங்களின் சண்டைக் காட்சிகளைக் கண்டால் மகள் இரவில் தூங்குவதில்லை. தணிக்கைச் சான்றிதழை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்கலாமா?

மறுமொழி 1:
சான்றிதழ் ஒரு தொடக்கம்தான், சகோதரி. 2023ஆம் ஆண்டின் திரைப்படத் திருத்தச் சட்டம், பெற்றோர் வழிகாட்டலுடன் பார்க்க வேண்டிய 'யு/ஏ' பிரிவை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்திருக்கிறது. ஆனால் அவை பெற்றோருக்கான அறிவுரையே தவிரத் தடை அல்ல. நான் எந்தப் படத்தையும் முந்தைய இரவே தனியாகப் பார்த்துவிடுகிறேன், ஏனெனில் குழந்தையை அச்சுறுத்துவது பெரும்பாலும் இரத்தம் அன்று, தாய் காணாமல் போவது போன்ற காட்சிகளே.

மறுமொழி 2:
1997இல் வந்த ஈரானியப் படமான 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' எங்கள் வீட்டில் இரு வயதினரையும் கட்டிப்போட்டது. ஒரே சோடிக் காலணியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடும் கதை அது. திரையின் அடியில் வரும் துணையுரையை (சப்டைட்டில்) வாசிக்கத் தெரியாத சின்னவளுக்குப் பெரியவனே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். அந்தப் பொறுப்புக் கிடைத்ததும் அவன் இடத்தைவிட்டு அசையவேயில்லை. 'காக்கா முட்டை'யையும் அவசியம் பாருங்கள்.

மறுமொழி 3:
எல்லா வாரமும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தங்கை உறங்கிய பின் மாதம் ஒருமுறை மகனுடன் மட்டும் அமர்ந்து, அவன் தேர்ந்தெடுத்த படத்தைப் பாருங்கள்.

கோவைத் தாய்:
மிக்க நன்றி. இந்த ஞாயிறு ஈரானியப் படத்தைப் பார்க்கிறோம். துணையுரையை மகனே வாசிக்கட்டும்.