மறு: நுரை ஒயின் கட்டுரை மொழிபெயர்ப்பு – 'ஏஜிங்', 'டிரிங்கிங் விண்டோ'

> 'ஏஜிங்' எல்லாவற்றுக்கும் 'முதிர்வு' என்றே போட்டிருக்கிறேன். 'டிரிங்கிங் விண்டோ'வுக்கு 'அருந்து சாளரம்'. சரிதானா?

வணக்கம் ஐயா.

ஒயினைக் குடிக்க ஏற்ற காலத்துக்குச் சாளரம் வேண்டாம், ஜன்னலோரம் உட்கார்ந்து குடிப்பதுதான் கண்ணில் வருகிறது. 'முதிர்வு' நல்ல சொல்தான். ஆனால் நுரை ஒயினுக்கு முதிர்வு இரண்டு தடவை நடக்கிறது, இரண்டும் வேறு வேறு.

ஷாம்பெயின் முறையில் இரண்டாம் நொதித்தல் புட்டிக்குள்ளேயே நடக்கும். வேலை முடிந்து செத்த ஈஸ்ட் மண்டியாகப் படியும். அது மெல்லச் சிதைந்து ஒயினில் இறங்குவதால்தான் ரொட்டி வாசமும் நாவில் அந்த வழவழப்பும். ஆண்டு குறிக்காத (பல ஆண்டு ஒயின்களைக் கலந்த) ஷாம்பெயின் குறைந்தது 15 மாதம் புட்டியில் கிடக்க வேண்டும், அதில் 12 மாதம் மண்டியோடு. இதை 'மண்டி ஊறல்' எனலாம். சாராய ஊறல் நினைவுக்கு வருமே என்பீர்கள். வரட்டும், அதுவும் நொதிப்பதுதானே.

அப்புறம் புட்டியைக் கவிழ்த்து மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால், உள்ளழுத்தமே மண்டிக்கட்டியை வெளியே தள்ளிவிடும். இது 'மண்டிநீக்கம்'. பிறகு தக்கை அடைத்ததும் வேறு கணக்கு தொடங்குகிறது. வாயு கசிந்து குமிழ் தணியும், ஆக்சிஜன் துளித்துளியாக நுழையும், நிறம் பொன்னாகும், தேனும் வறுத்த கொட்டையும் மணக்கும். இதற்கு 'தக்கை முதிர்வு' என்று வைக்கலாமா?

ஒரே ஆண்டின் ஒயின்தான். ஒரு புட்டிக்குப் போன வருடம் மண்டிநீக்கம், இன்னொன்றுக்கு எட்டு வருடம் முன்பு. முதலாவது இன்னும் துடிப்பாக இருக்கும், மற்றது கனிந்திருக்கும். எப்போது திறப்பது என்று முடிவு செய்ய, அறுவடை ஆண்டோடு பின் லேபிளில் மண்டிநீக்கத் தேதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 'முதிர்வு' என்று ஒரே சொல்லைப் போட்டால் இதை எழுதவே முடியாது.

குடிக்கும் காலத்துக்கு 'பதக்காலம்'. பாகுக்குச் சொல்வது போலத்தான்: பதம் வரவில்லை, பதமாக இருக்கிறது, பதம் தப்பிவிட்டது. பெரிய தொட்டியில் நொதிக்கவைக்கும் இத்தாலிய நுரை ஒயினான புரோசெக்கோவுக்குப் பதக்காலம் பெரும்பாலும் வாங்கிய கையோடு. ஆண்டு குறித்த நல்ல ஷாம்பெயினுக்குப் பத்து, இருபது வருடம்கூடப் போகும், இருட்டில் 10–12 டிகிரியில் வைத்திருந்தால்.

---

> 'தக்கை முதிர்வு' என்று வைக்கலாமா?

பதக்காலம் பிரமாதம், எடுத்துக்கொண்டேன். தக்கைதான் இடிக்கிறது. மண்டி ஊறலின்போதே சோடா மூடிக்குப் பதில் தக்கை போடும் தயாரிப்பாளர்களும் உண்டு. மண்டி போய்த் தெளிந்த பின் நடப்பதால் 'தெளி முதிர்வு' எப்படி? தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பழம்பெயரே இருக்கிறது.

---

தெளி முதிர்வே இருக்கட்டும் ஐயா, என்னுடையதை விட்டுவிடலாம். அடுத்து மண்டிநீக்கத்துக்குப் பின் சர்க்கரைக் கரைசல் விடும் 'டோசாஜ்' நிற்கிறது. 'இனிப்பூட்டல்' என்று போட்டால், சர்க்கரையே சேர்க்காத ப்ரூட் நேச்சர் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.