சோயா சாஸுக்குப் பதில் கோகனட் அமினோஸ்: உப்பு குறையும், சத்து கூடுமா?

வேனில்:
அப்பாவுக்கு ரத்த அழுத்தம், உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். வீட்டில் சோயா சாஸ் நிறையப் புழங்கும், அதை நிறுத்திவிட்டு கோகனட் அமினோஸ் என்ற தென்னை சாஸ் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். 17 அமினோ அமிலங்கள் இருக்கின்றன, சர்க்கரையை ஏற்றாது, சோயாவைவிடச் சத்து என்றெல்லாம் விளம்பரங்களில் சொல்கிறார்கள். எதை நம்புவது?

கடலோடி:
தயங்காமல் மாறுங்கள். சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் வந்துவிடும். பெரியவர்களுக்கு நாள் முழுக்க 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், உப்புக் கணக்கில் 5 கிராமுக்கும் குறைவு. ஒரு கரண்டி சாஸ் அதில் பாதியைத் தொடப் பார்க்கிறது! கோகனட் அமினோஸில் அதே அளவுக்கு 270 மில்லிகிராம்தான் என்று அச்சிட்ட பாட்டில்கள் இருக்கின்றன. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் இனிப்பு நீரை நொதிக்க வைத்து உப்பு சேர்க்கிறார்கள், சோயாவும் இல்லை, கோதுமையும் இல்லை. அமினோ அமிலங்கள் அந்த நீரிலேயே இயற்கையாக இருப்பவை.

எழுத்தாணி:
சோடியம் வரைக்கும் சரி. அந்த அமினோ அமிலக் கதையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டிலைத் திருப்பி, புரதம் என்று இருக்கும் இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பூஜ்யம்தான். புரதம் என்பதே அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, அது பூஜ்யம் என்றே அச்சிடும் அளவுக்குக் குறைவாக இருக்கும்போது எத்தனை வகை இருந்து என்ன பயன்? 17 என்பது வகைகளின் எண்ணிக்கை, அளவு இல்லை. இத்தனைக்கும் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் 1 கிராமுக்குச் சற்று மேல் புரதம் இருக்கிறது, அதையும் யாரும் சத்து என்று கொண்டாடுவதில்லை. நோயாளிக்குச் சமைப்பவர்களிடம் போய் இதைச் சத்துப் பொருள் என்று சொல்லி விற்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

அப்புறம் சர்க்கரை. பாளை நீரில் நீருக்கு அடுத்து அதிகம் இருப்பது சுக்ரோஸ் என்ற சர்க்கரை. அதனால் பல கோகனட் அமினோஸ்களில் ஒரு மேசைக்கரண்டிக்கு 3 முதல் 6 கிராம் வரை சர்க்கரை வருகிறது. சோயா சாஸில் பெரும்பாலும் 1 கிராம்கூடத் தேறாது.

கடலோடி:
3 கிராம் சர்க்கரையைப் பெரிதுபடுத்துகிறீர்கள். ஒருவர் சாப்பாட்டுக்கு ஒரு கரண்டிதான் விழப்போகிறது. இதே பாளை நீரைக் காய்ச்சி எடுக்கும் தென்னஞ்சர்க்கரையின் கிளைசிமிக் குறியீடும், அதாவது ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்ற எண்ணும், குறைவுதானே, 35 என்று பிலிப்பைன்ஸில் அளந்திருக்கிறார்கள்.

எழுத்தாணி:
அதே தென்னஞ்சர்க்கரைக்கு சிட்னி பல்கலைக்கழக அளவீடு 54. வெள்ளைச் சர்க்கரை 65-க்கு அருகில் நிற்கிறது. இரண்டு அளவுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது குறைந்த எண்ணை மட்டும் எடுத்துக் காட்டுவது நியாயமில்லை. அதுவும் அளந்தது சர்க்கரையை, நொதிக்க வைத்த இந்தச் சாஸை இல்லை. ஒரு கரண்டியோடு நிறுத்துகிறவருக்குப் பிரச்சினை இல்லைதான், ஆனால் இது சோயா சாஸைவிட இனிப்பு, உப்புச் சுவையும் மந்தம். சுவை போதவில்லை என்று இரண்டு மூன்று கரண்டி ஊற்றினால் சோடியத்தில் மிச்சம் பிடித்ததும் போச்சு, சர்க்கரையும் 10 கிராமை நெருங்கும்.

மழைத்துளி:
நீங்கள் இரண்டு பேரும் சத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகனுக்கு சோயா ஒவ்வாமை. எங்களுக்கு இந்தப் பாட்டிலின் மதிப்பே வேறு. தமாரி என்ற ஜப்பானிய சாஸை வாங்குங்கள், அதில் கோதுமை இல்லை என்று பார்ப்பவர்களெல்லாம் சொல்கிறார்கள், அதுவும் சோயாவில் செய்வதுதானே. தமாரி கோதுமை ஆகாதவர்களுக்கு உதவும், அதற்கும் கோதுமை அறவே இல்லை என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சோயா ஆகாதவர்களுக்கு இதுபோன்ற கறுத்த, நாவில் நிற்கும் சுவை கொண்ட சாஸ் வேறு அதிகம் இல்லை.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். லிக்விட் அமினோஸ் என்று ஒரு பாட்டில் இதே அலமாரியில் இதன் பக்கத்திலேயே இருக்கும். பெயரைப் பார்த்து அதுவும் தென்னையிலிருந்து வருவது என்று எடுத்துவிடாதீர்கள்! அது சோயாவின் புரதத்தை உடைத்துச் செய்வது, சோடியமும் சோயா சாஸுக்குச் சமமாகவே இருக்கும். எங்களைப் போன்ற வீட்டில் இப்படிப் பாட்டில் மாறிப்போனால் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான்.

கடலோடி:
மழைத்துளி சொன்னது எல்லோரும் படிக்க வேண்டியது. தேங்காய் ஒவ்வாமை பற்றியும் கேட்பார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒவ்வாமைக்கான, பாதாம், முந்திரி போன்ற மரக்கொட்டைகளின் பட்டியலிலிருந்து 2025-ல் தேங்காயை எடுத்துவிட்டது. ஆனாலும் தேங்காய் ஒத்துக்கொள்ளாதவர்கள், குறைவாக என்றாலும், இருக்கத்தான் செய்கிறார்கள், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

எழுத்தாணி, கூடுதலாக ஊற்றிவிடுவார்கள் என்ற உங்கள் வாதம் எனக்கு ஒப்பவில்லை. உப்பைக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும், முன்பு சரியாக இருந்ததே பிறகு கரிக்கும். அந்தச் சில வாரங்களைத் தாண்ட இந்த இனிப்பு கைகொடுக்கிறது என்பதுதான் என் கட்சி.

எழுத்தாணி:
நாக்கு பழகும் என்றால் உப்பு குறைத்த சோயா சாஸுக்கும் பழகும்தானே. அதில் ஒரு மேசைக்கரண்டிக்கு 500 முதல் 600 மில்லிகிராம் சோடியம். அரைக் கரண்டி போதும், நாவில் நிற்கும் சுவையைத் தரும் குளூட்டமேட் நிறைய இருப்பதால் சுவை தூக்கலாகவே நிற்கும். மாதக்கணக்கில் பூஞ்சையும் உப்பு நீரும் சேர்ந்து சோயாவின் புரதத்தைச் சிதைத்துக் கொடுக்கும் சுவை அது, பாளை நீரில் அந்த ஆழம் வராது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது வரம், மறுக்கவே இல்லை. ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு அவசியமில்லை என்பதே என் கருத்து.

வேனில்:
கடையில் இரண்டு கோகனட் அமினோஸ் பார்த்தேன். ஒன்றில் சோடியம் 200 மில்லிகிராம், மற்றொன்றில் 480. 200 போட்டிருப்பதையே எடுத்துவிடட்டுமா?

மழைத்துளி:
எத்தனை மில்லிக்கு என்று பார்த்தீர்களா?

வேனில்:
200 போட்டது 5 மில்லிக்கு. 480 போட்டது 15 மில்லிக்கு.

மழைத்துளி:
அப்படியென்றால் முதல் பாட்டில் 15 மில்லிக்கு 600 ஆகிறது. 480 போட்டதுதான் குறைவு. 100 மில்லிக்கு என்று தனியாக ஒரு வரிசை இருந்தால் அதை மட்டும் ஒப்பிடுங்கள், குழப்பமே வராது.

எழுத்தாணி:
பார்த்தீர்களா, அந்த 600 உப்பு குறைத்த சோயா சாஸின் கணக்குதான். கோகனட் அமினோஸ் என்ற பெயரை நம்பி எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

கடலோடி:
அதனால்தான் 270 உள்ளதைத் தேடச் சொல்கிறேன், இருக்கிறது. வேனில், எதை வாங்கினாலும் பொருள் பட்டியலில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறதா என்றும் பாருங்கள், உப்பு குறைத்த சில சோயா சாஸ்களில் சேர்ப்பார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் ஏதாவது இருந்தாலோ, பொட்டாசியத்தை ஏற்றும் ரத்த அழுத்த மாத்திரை எடுத்தாலோ அது ஆகாது. மாத்திரையின் பெயரைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வேனில்:
மாத்திரை எடுக்கிறார். நாளைக்கு மருத்துவரிடம் கேட்கிறேன், அதுவரை எந்தப் பாட்டிலும் வேண்டாம்.