மக்கள்தொகை வரைபடம்: வகுப்பு முறையை மாற்றினால் படமே மாறுகிறது

கேள்வி:
க்யூஜிஐஎஸ்ஸில் (வரைபட மென்பொருள்) மாவட்ட வாரியாக மக்கள்தொகை வரைபடம் போடுகிறேன். சிம்பாலஜியில் (நிற அமைப்பு) கிராஜுவேட்டட் (மதிப்புக்கேற்ப நிறம் மாறுவது), ஐந்து வகுப்புகள். பரப்பில் பெரிய மாவட்டங்களே அடர்நிறமாகத் தெரிகின்றன. வகுப்பு பிரிக்கும் முறைகளான ஈக்வல் இன்டர்வல் (சம இடைவெளி), குவான்டைல் (வகுப்புக்குச் சம எண்ணிக்கையில் மாவட்டங்கள்), ஜென்க்ஸ் (தரவில் இயல்பாக உள்ள இடைவெளிகளில் பிரிப்பது) மூன்றும் மூன்று விதமாகக் காட்டுகின்றன. எதை வைத்துக்கொள்ள?

பதில் 1:
முதலில் எண்ணிக்கையை விடுங்கள், அடர்த்தியை (ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர்) போடுங்கள். நிறம் நிரப்பும் வரைபடத்துக்கு விகிதம்தான் பொருந்தும். மொத்த எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் அளவு மாறும் வட்டங்கள் வையுங்கள். அடர்த்திக்கு வேண்டிய பரப்பளவை வெப் மெர்க்கேட்டரில் (இணைய வரைபடங்களில் வழக்கமான, உருண்டைப் பூமியைத் தட்டையாகக் காட்டும் புரொஜெக்‌ஷன்) கணக்கிடாதீர்கள். 60 பாகை அட்சத்தில் அது பரப்பை நான்கு மடங்காக்கிவிடும். பரப்பைச் சிதைக்காத சமபரப்பு புரொஜெக்‌ஷனுக்கு மாற்றிவிட்டுக் கணக்கிடுங்கள்.

பதில் 2:
வகுப்பு முறைக்கு ஹிஸ்டோகிராம் (மதிப்புகளின் பரவலைக் காட்டும் பட்டை வரைபடம்) தாவலைத் திறந்து பாருங்கள், தரவே வழி சொல்லும். ஒன்றிரண்டு மாநகரங்கள் மட்டும் எட்டாத உயரத்தில் இருந்தால் ஈக்வல் இன்டர்வலில் மற்ற எல்லாம் ஒரே நிறத்தில் அமுங்கிவிடும். குவான்டைல், கிட்டத்தட்ட ஒரே மதிப்புள்ள இரண்டு மாவட்டங்களைக்கூட வெவ்வேறு வகுப்பில் போடும். நான் ஜென்க்ஸில் தொடங்கி, எல்லைகளை முழு எண்களாகத் திருத்துவேன். ஆனால் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது ஜென்க்ஸ் கூடவே கூடாது. இரு படங்களுக்கும் ஒரே எல்லைகளைக் கையால் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அடர்த்திக்கு மாற்றியதும் படம் தெளிந்துவிட்டது, மிக்க நன்றி! சில மாவட்டங்கள் மட்டும் வெற்றாக இருக்கின்றனவே?

பதில் 2:
அங்கே மதிப்பு இல்லை. பூஜ்யம் போட்டு நிரப்பாதீர்கள், அது பொய்த் தகவல். அதே லேயரின் (வரைபட அடுக்கு) நகலைச் சாம்பல் நிறத்தில் அடியில் வைத்து, லெஜண்டில் (நிற விளக்கப் பட்டியல்) 'தரவு இல்லை' என்று எழுதுங்கள்.