வேலைய விட்டு போறவங்களோட சேர்ந்து விவரமும் போயிடுது, என்ன பண்றது?

களப்பணி82:
வணக்கம். எங்களுது 14 பேர் இருக்கற சின்ன தொண்டு நிறுவனம், படிப்ப பாதியில விட்ட பிள்ளைங்கள திரும்ப ஸ்கூல்ல சேர்க்கற வேலை. 9 வருஷம் களத்துல இருந்த அக்கா ஒருத்தங்க போன மாசம் வேலைய விட்டுட்டாங்க. ஹேண்டோவர்னு ஒரு பென் டிரைவ், ரெண்டு டைரி. பென் டிரைவ்ல 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்'னு மூணு ஃபைல், மூணுலயும் எண்ணிக்கை வேற வேற. டைரில சில பேர் பக்கத்துல முக்கோணம் போட்டிருக்கு, எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. எந்த வீட்டுல பாட்டி தலையாட்டினாதான் பிள்ள வரும்ங்கற மாதிரி விஷயம் எதுலயுமே இல்ல. டைரக்டர் சாஃப்ட்வேர் வாங்கலாம்ங்கறார். வாங்கினா சரியாயிடுமா?

பழையகோப்பு:
ஆகாதுங்க. நாங்க ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து எழுதற மாதிரி ஒரு விக்கி பக்கம் ஆரம்பிச்சோம், மூணு மாசம் ரெண்டு பேர் எழுதினாங்க, அப்புறம் பாஸ்வேர்டே மறந்துபோச்சு. மைக்கேல் பொலானிங்கற தத்துவ அறிஞர் 1966லயே சொல்லிட்டார், நமக்குத் தெரிஞ்சது நம்மால சொல்ல முடியறத விட அதிகம்னு. அதனால போறவங்கள 'எல்லாத்தையும் எழுதிக் குடுங்க'ன்னு கேக்கறதே தப்பு, அவங்களுக்கு அது சாதாரணம், எத எழுதறதுன்னே தெரியாது. புதுசா வர்றவங்கதான் கேக்கணும், அதுவும் பொதுவா கேக்காம 'சேர்ந்துட்டு மறுபடி நின்ன பிள்ள யாராவது ஒண்ணு சொல்லுங்க, அன்னிக்கு என்ன நடந்துச்சு'ன்னு கேட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கணும். அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கூடவே வீடு வீடா சுத்தினா இன்னும் நல்லது, ஆனா நோட்டீஸ் பீரியட்ல அதுக்கு யாரு விடறா.

கசப்புக்காபி:
இதுல பெரிய வில்லன் ரிப்போர்ட்தான். நிதி குடுக்கறவங்களுக்காக எழுதறோம், அதனால வெற்றி மட்டும் இருக்கும், சொதப்பினது எதுவும் ஏறாது, அடுத்த டீம் அதே குழியில விழும். சரி எழுதினதயாவது படிக்கறாங்களா? உலக வங்கி 2014ல தன்னோட பாலிசி ரிப்போர்ட்டுகள கணக்கெடுத்துப் பார்த்துச்சு, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்க ஒருத்தர்கூட டவுன்லோட் பண்ணல. அவ்ளோ பெரிய எடத்துலயே இந்த கதி. கனடாவோட 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' அமைப்பு மட்டும் 2008லேர்ந்து 'எங்க தோல்விகள்'னே தனியா அறிக்கை போட ஆரம்பிச்சாங்க. எங்க ஆபீஸ்ல இதச் சொன்னப்போ ரூமே அமைதியாயிடுச்சு.

மெதுவடை:
அவ்ளோ தைரியம் இல்லன்னா சின்னதா ஆரம்பிங்க. அமெரிக்க ராணுவத்துல 1970கள்லேர்ந்து பழக்கத்துல இருக்கறது, வேலை முடிஞ்சதும் கூடி உக்காந்து நாலு கேள்வி கேட்டுக்கறது: என்ன நடக்கணும்னு நெனச்சோம், என்ன நடந்துச்சு, ஏன், அடுத்த தடவ என்ன மாத்தறது. ஒவ்வொரு முகாம் முடிஞ்ச அன்னிக்கே அரை மணி நேரம், மறுநாள் வச்சா பாதி மறந்துடும். யார் தப்புன்னு பேச்சு போச்சுன்னா அப்புறம் எவனும் வாய தொறக்க மாட்டான், நடத்தறவர் அத மட்டும் பாத்துக்கணும். இன்னொண்ணு, வீட்டு விவகாரத்தயெல்லாம் எல்லாரும் திறக்கற டிரைவ்ல போட்டுடாதீங்க. நம்பி சொன்ன குடும்பங்க அவங்க.

களப்பணி82:
எல்லாருக்கும் நன்றி. அக்காவுக்கு நேத்து போன் போட்டேன், முக்கா மணி நேரம் பேசினாங்க, கேட்டுத்தான் ரெக்கார்ட் பண்ணேன். முக்கோணம் போட்ட வீட்டுக்கு காலையில போகக் கூடாதாம், அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு தூங்குவாராம். நாங்க ரெண்டு தடவ காலைல போய் கதவ தட்டி திட்டு வாங்கிட்டு வந்தோம்.